எங்களுக்காகப் பதில் சொன்னவர்

அலுவலகத்தில் அவரிடம் யாரும் எதையும் இரண்டாவது முறை கேட்டதில்லை. பெரும்பாலும் முதல் முறை கேட்டதே அவரிடமாக இருக்காது. புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் மேலாளர் "ஏன் லேட்?" என்பார். அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள், சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்கும் இவர், "செங்கல்பட்டு வண்டி இன்னைக்கு லேட்டுங்க சார், நானே பார்த்தேன்" என்று தலையை நிமிர்த்தாமல் சொல்வார். அவர் ரயிலில் வருகிறவரே இல்லை. பைக்கில் வருகிறவர். மேலாளருக்கும் அது தெரியும். ஆனாலும் அந்தக் குரலில் ஒரு குழைவு இருந்தது. வாக்கியத்துக்கு வாக்கியம் வந்து ஒட்டிக்கொள்ளும் அந்த 'ங்க', எவரையும் மேற்கொண்டு கேட்கவிடாது.

சென்னையில் ஒரு மருந்து மொத்த விற்பனை நிறுவனத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அவருக்குச் சொந்த ஊர் நாமக்கல் மாவட்டம், மோகனூர் பக்கம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கல்யாணம் ஆகவில்லை. "தங்கச்சிக்கு முடிச்சுட்டுத்தானுங்க நமக்கு" என்பார். மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை, தோளில் ஒரு பை, பையில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. எங்கே இரண்டு பேர் முறைத்துக்கொண்டு நின்றாலும் நடுவில் போய் நிற்பார். ஒருவருடைய பதிலை இன்னொருவருக்கு அவரே சொல்லி, இருவரையும் டீக்கடைக்கு அழைத்துப் போய்விடுவார்.

எங்கள் அப்பாவுக்கு ஒருமுறை வயிற்றில் வலி வந்து திண்டிவனத்திலிருந்து சென்னைக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். விடுப்புப் போட்டுவிட்டுக் கூடவே நின்றவர் அவர்தான். டாக்டர் அப்பாவிடம், "பசி எடுக்குதா?" என்றால், "எடுக்குதுங்க, ஆனா சாப்பிட்டா ஒத்துக்கல" என்று இவர் சொல்வார். "ராத்திரி தூங்கினீங்களா?" என்றால், "பொரண்டு பொரண்டு படுத்தாருங்க" என்பார். கடைசியில் அப்பா டாக்டரைப் பார்த்து, "எனக்கு இப்ப வலிக்குதா வலிக்கலையான்னு அந்தப் புள்ளையையே கேட்டுக்குங்க" என்றார். வார்டில் எல்லோரும் சிரித்தார்கள். இவரும்தான் சிரித்தார். வீட்டுக்குப் போகும்போது அப்பா என்னிடம், "தங்கமான புள்ளடா அது. ஆனா ஒருத்தனப் பேசவிட மாட்டேங்குதே" என்றார்.

கல்யாணமான புதிதில் நானும் கஸ்தூரியும் வாடகைக்கு வீடு தேடி அலைந்தோம். வீட்டுக்காரர்கள் வேலையைக் கேட்பார்கள், சம்பளத்தைக் கேட்பார்கள், பிறகு சற்றுக் குரலைத் தாழ்த்தி, "நீங்க...?" என்று இழுப்பார்கள். நாங்கள் சொல்வோம். மறுநாள் போன் செய்தால் வீட்டை வேறு யாருக்கோ விட்டுவிட்டதாகச் சொல்வார்கள். நான்கைந்து இடத்தில் இப்படி ஆன பிறகு அவர், "நானும் வாரேன்" என்று கிளம்பி வந்தார். மடிப்பாக்கத்தில் ஒரு மாடி வீட்டுக்குப் போனோம். எங்களைக் கீழேயே நிற்கச் சொல்லிவிட்டு அவர் மட்டும் மேலே ஏறினார். கால்மணி நேரத்தில் சாவியோடு இறங்கி வந்தார்.

"என்ன சொன்னீங்கண்ணா?" என்று கேட்டாள் கஸ்தூரி.

"நம்ம தம்பின்னு சொன்னேனுங்க அம்மிணி. அதவிட என்ன சொல்றது? அசைவம் மட்டும் கொஞ்சம் பார்த்துச் சமைச்சுக்கங்க."

அன்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கஸ்தூரி அவர் முகத்தைப் பார்க்காமல் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டாள். அந்த வீட்டில் இருந்தவரை கருவாடு வறுக்கும் நாளெல்லாம் ஜன்னல்களை இழுத்துச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணியைச் செருகிவிட்டுத்தான் அவள் அடுப்பைப் பற்றவைப்பாள்.

கஸ்தூரியைப் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும். ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அதிகம் பேசமாட்டாள். பேசினால் பாதியில் நிறுத்தமாட்டாள்.

சேலத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் சாப்பாட்டில்தான் தொடங்குவார். தட்டுவடை செட் என்று ஒன்று அந்த ஊரைத் தவிர வேறெங்கும் சரியாக வராது என்பார். மாம்பழ சீசனில் கடைவீதியே மணக்கும் என்பார். "ஒரு சனி ஞாயிறு வாங்க தம்பி. சனிக்கிழமை சேலம், ஞாயித்துக்கெழமை நாமக்கல். திங்கறது, பார்க்கறது, எல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் எங்கியுமே போனதில்ல" என்று பல மாதங்களாக வற்புறுத்திக்கொண்டிருந்தார். அது உண்மைதான். கல்யாணமாகி நாங்கள் போன ஒரே ஊர் கஸ்தூரியின் அம்மா வீடு.

போனோம். அவர் முதல் நாளே போய்விட்டிருந்தார். சேலம் ஜங்ஷனில் விடியலில் இறங்கியபோது, நண்பர் ஒருவரின் காரோடு நின்றிருந்தார். புது பஸ் நிலையம் அருகில் அறை எடுத்து வைத்திருந்தார். சுத்தமான அறை. கட்டிலில் கஸ்தூரிக்கென்று ஒரு முழம் மல்லிகைகூட வாங்கி வைத்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமையை இப்போது நினைத்தாலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலையில் ஒரு சந்துக்குள் இருந்த சின்ன ஓட்டலில் இட்லியும் குடல் குழம்பும். பிறகு ஏற்காடு மலை எதிரே தெரிய, குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் மான்களைப் பார்த்துக்கொண்டு ஒரு நடை. மதியம் பிரியாணி. வெயில் தாழ்ந்ததும் ஆத்தூர் ரோட்டில் அயோத்தியாப்பட்டணம் ராமர் கோயிலுக்குக் கூட்டிப்போனார். தூண்களில் இருந்த சிற்பங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். அர்ச்சனைத் தட்டை வாங்கிய குருக்கள், "பேரு, நட்சத்திரம், கோத்திரம் சொல்லுங்கோ" என்று என் பக்கம் திரும்பினார்.

"சாமி பேருக்கே பண்ணிருங்க" என்றார் அவர், நான் மூச்சு விடுவதற்குள்.

தட்டுவடை செட் கடை ஒரு தள்ளுவண்டி. உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னத் தட்டைகள். ஒன்றின் மேல் சிவப்புச் சட்னி, இன்னொன்றின் மேல் பச்சைச் சட்னி. நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம். மேலே ஒரு தட்டையை மூடிக் கையில் கொடுப்பார்கள். சட்டென்று ஒரே வாயில் போட்டுவிட வேண்டும். கடித்துத் தின்ன நினைத்தால் சட்டையில்தான் விழும். கடைக்காரம்மா கஸ்தூரியிடம், "காரம் எப்படிக்கா?" என்று கேட்டார்.

"அவங்களுக்குக் கம்மியா போடுங்க" என்றார் அவர்.

"எனக்குக் காரம் நெறைய வேணும்" என்றாள் கஸ்தூரி.

அவர் சத்தமாகச் சிரித்தார். "அம்மிணிகிட்ட என் பருப்பு வேகாது போல" என்றார். கஸ்தூரியும் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை காரத்தைத் தின்றாள். அன்று மாலை எங்கள் மூன்று பேரையும் யாராவது படம் எடுத்திருந்தால், ஒரு குடும்பம் என்றுதான் பார்த்தவர்கள் சொல்லியிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாமக்கல். ஒற்றைக் கல்லாக எழுந்து நிற்கும் மலைமேல் கோட்டைக்கு ஏறினோம். மேலிருந்து பார்த்தால் ஊரைச் சுற்றி லாரிகள் நெருப்புப்பெட்டிகளைப் போல வரிசையாக நின்றிருந்தன. தூரத்தில் கோழிப்பண்ணைகளின் நீளமான கூரைகள். கீழே இறங்கி, கூரையே இல்லாமல் வெயிலிலும் மழையிலும் கைகூப்பி நிற்கும் ஆஞ்சநேயரைப் பார்த்தோம். பள்ளிபாளையம் சிக்கன் நன்றாக இருக்கும் என்று ஒரு மெஸ் வாசலில் காரை நிறுத்தினார். இறங்கும்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"ஏஞ்சாமி, ஊருக்கு வந்துட்டு ஊட்டுக்கு வராம என்னடா பண்றே?"

புல்லட்டில் உட்கார்ந்திருந்தவர் அவருடைய தாய்மாமன். மெஸ்ஸில் பார்சல் வாங்க வந்தவர்.

"இல்லீங் மாமா, மெட்ராஸ்ல இருந்து ஆபீஸ் ஆளுங்க. சும்மா சுத்திக் காட்டலாம்னு..."

"விருந்து ஒரம்பரைன்னு வந்துட்டு ஊட்டுல ஒரு வாய் சாப்பிடாம ஓட்டல்ல சாப்பிடறதாக்கும்? உங்கொப்பனுக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பாரு?" என்றபடியே மாமன் போனை எடுத்துவிட்டார். அந்தப் பக்கம் அப்பா. இவர் கைக்குப் போன் வந்தது. "சரீங்கப்பா. சரீங். வாரேனுங்க" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்தபோது நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

நாமக்கல்லில் இருந்து மோகனூருக்குப் போகும் வழியெல்லாம் அவர் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். முன்னால் மாமனின் புல்லட் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கரும்பு. அவர் வீடு இவ்வளவு பக்கத்தில் இருப்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சேலத்தில் அறை எடுத்திருக்கவே தேவையில்லை.

"தம்பி" என்றார், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "அங்க யாராச்சும் ஏதாச்சும் கேட்டா நான் பாத்துக்கறேன். நீங்க சும்மா இருந்துக்குங்க."

பின்சீட்டிலிருந்து கஸ்தூரி, "என்ன கேப்பாங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்லீங்க அம்மிணி. கிராமத்து ஆளுங்க. எதையாச்சும் கேப்பாங்க."

வீடு தென்னந்தோப்புக்கு நடுவில் இருந்தது. புதிதாகக் கட்டிய மாடி வீடு. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் அவருடைய அப்பா வாசலுக்கே வந்து கும்பிட்டார். அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "வாங்க சாமி, வா கண்ணு" என்று கஸ்தூரியின் கையைப் பிடித்தார். தங்கை இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது இருக்கும். தை மாதம் அவளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். சிரித்தால் முகம் முழுக்கச் சிரிக்கிற பெண். அண்ணன் ஆபீஸ் ஆட்கள் என்று தெரிந்ததும், "அண்ணன் அங்கியும் எல்லாருக்கும் சேர்த்து அதுவேதான் பேசுமாக்கா?" என்று கஸ்தூரியின் காதில் கேட்டாள். இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

வராந்தாவில் நாற்காலி போட்டு மோர் கொடுத்தார்கள். அப்பா எதிரே உட்கார்ந்தார். பக்கத்தில் மாமன்.

"எந்தூருங்க தம்பி?"

"திண்டிவனம் பக்கமுங்க" என்றேன். எனக்கும் அந்த 'ங்க' ஒட்டிக்கொண்டிருந்தது.

"அந்தப் பக்கமெல்லாம் ஆரு இருக்கறாங்க? நீங்க..."

நான் வாயைத் திறந்தேன். அவர் திறந்து முடித்துவிட்டிருந்தார்.

"நம்ம ஆளுங்கதானுங்கப்பா. இவரு தாத்தன் காலத்துல கரூர்ல இருந்து வேவாரத்துக்குப் போனவங்க. அப்படியே அங்கியே தங்கிட்டாங்க."

அப்பாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அதானே பார்த்தேன்" என்றார் மாமன். நான் பதில் சொன்னவரைப் பார்த்தேன். அவர் தென்னைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கஸ்தூரி அப்போது தங்கையோடு உள்ளே கல்யாணப் புடவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வராந்தாவில் நடந்த பேச்சு ஜன்னல் வழியே அவள் காதில் விழுந்துவிட்டது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

உள்கூடத்தில் இலை போட்டார்கள். அவசரத்தில் செய்ததென்று சொல்லிக்கொண்டே அம்மா அரிசியும் பருப்பும் சாதத்தைச் சூடாக வைத்து, நடுவில் குழி பறித்து நெய்யை ஊற்றினார். மாமன் வாங்கி வந்த கோழி வறுவல், அப்பளம், தயிர். நான், கஸ்தூரி, அவர், அவருடைய அப்பா, மாமன் என்று வரிசையாக உட்கார்ந்தோம். அம்மா குனிந்து பரிமாறும்போது கஸ்தூரியின் தலையைத் தடவினார்.

"ஒடம்பு எளச்சுக் கெடக்கே கண்ணு. நல்லாச் சாப்பிடு. உங்க கொலதெய்வம் எங்கிருக்குது? கரூர்ப் பக்கம்னா நமக்கு ஏதாச்சும் ஒரு மொறை வருமே. தேடிப் பார்த்தா எனக்கு நீ மருமகளாக்கூட இருப்பே."

அவர் ஒரு கவளத்தை வாயில் வைத்திருந்தார். அவசரமாக விழுங்கினார். "அம்மா, அவங்களுக்கு அதெல்லாம் அவ்வளவாத் தெரியாதும்மா. தாத்தன் காலத்துலயே..."

"அம்மா" என்றாள் கஸ்தூரி. குரலை உயர்த்தவில்லை. "அண்ணன் சொன்னது நெசமில்லைங்கம்மா. நாங்க உங்க ஆளுங்க இல்ல. எங்க ஊர்ல நாங்க காலனிங்க. இவ்வளவு பிரியமா போடுறீங்க. சொல்லாம சாப்பிட மனசு வரல."

கரண்டியில் இருந்த நெய் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா நிமிர்ந்து நின்றார். அந்த அம்மாளின் முகத்தில் கோபம் இல்லை. ஏமாந்துபோன ஒரு குழந்தையின் முகம் அது. தங்கை அடுக்களை வாசலில் தண்ணீர்ச் சொம்போடு அப்படியே நின்றாள். மாமன் சாப்பாட்டில் தண்ணீரைக் கொட்டிவிட்டு எழுந்து வெளியே போனார்.

எல்லோரும் இவரைப் பார்த்தோம். அப்பா பார்த்தார், அம்மா பார்த்தார், நான் பார்த்தேன். எத்தனையோ பேருக்காக எத்தனையோ இடத்தில் பேசியவர், சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்து பிசைந்து அது கூழாகிவிட்டது. தலையை நிமிர்த்தவே இல்லை.

அப்பாதான் பேசினார். மரியாதை துளியும் குறையவில்லை.

"ஒக்காந்தாச்சு. சாப்பிட்டே எந்திரிங்க தம்பி. எலைய மட்டும் போவும்போது நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க."

கஸ்தூரி தன் இலையை மடித்தாள். சோறு சிந்தாமல் நான்காக மடித்தாள். என் இலையையும் எடுத்து மடித்தாள். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, அம்மாவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாசலுக்கு நடந்தாள். எச்சில் கையோடு நானும் போனேன். கை கழுவ எங்கே போவது என்று நான் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. தோப்பு ஓரத்தில் வாய்க்காலில் கழுவிக்கொண்டோம்.

சற்று நேரத்தில் அவர் கார் சாவியோடு வந்தார். கார் கிளம்பியதும் பேச ஆரம்பித்தார். எதிரே வந்த கரும்பு டிராக்டர் சர்க்கரை ஆலைக்குப் போகிறது என்றார். அரவைக் காலத்தில் மோகனூர் முழுக்க ஒரு வாசம் அடிக்கும் என்றார். ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தினார்.

"மோகனூர் வந்துட்டுக் காவேரி பாக்காமப் போனா எப்படிங்க? எறங்குங்க தம்பி. அக்கட்டால தெரியறது கரூர் ஜில்லா."

கஸ்தூரி இறங்கவில்லை. நான் இறங்கி அவர் பக்கத்தில் நின்றேன். அகலமான மணல். நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர். அவர் எதிர்க்கரையில் ஒவ்வொன்றாகக் கைகாட்டி ஏதேதோ சொல்லிக்கொண்டே இருந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்கவில்லை. சேலம் போகும்வரை பேச்சை நிறுத்தவும் இல்லை.

ரயிலில் கஸ்தூரி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"எத்தன வருஷமா நம்ம வீட்டுக்கு வந்துட்டு இருக்காரு? ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்காரா?"

"அவரு பாட்டில்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

வரும்போதெல்லாம் பழம் வாங்கி வருவார், பிஸ்கெட் வாங்கி வருவார். "இப்பத்தான் சாப்பிட்டு வாரேனுங்க அம்மிணி" என்பார். தாகமெடுத்தால் பையிலிருந்து பாட்டிலை எடுத்துக்கொள்வார். அவருடைய சுத்தம் அது என்று நான் நினைத்திருந்தேன். கஸ்தூரி நினைக்கவில்லை. ஆனால் அன்றுவரை என்னிடம் சொன்னதுமில்லை.

"உன்கிட்ட எதுக்குச் சொல்லணும்? உனக்கு இருந்த ஒரே பிரண்டு" என்றாள்.

அலுவலகத்தில் அவர் எப்போதும்போல் வந்தார், எப்போதும்போல் வணக்கம் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் வேறு நேரத்தில் போக ஆரம்பித்தார். புதிதாகச் சேர்ந்த பெண்ணை மேலாளர் திட்டினால் கணினியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அவருக்கு உடம்பு சரியில்லையா?" என்று மற்றவர்கள் என்னைக் கேட்டார்கள். தெரியாது என்றேன்.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு வந்தார். நனைந்த சட்டையோடு வாசற்படியிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பழம் எதுவும் வாங்கி வரவில்லை.

மாமன் வாய் சும்மா இருக்கவில்லை. பேச்சு தங்கையின் மாப்பிள்ளை வீடுவரை போயிருந்தது. தெரிந்தே காலனி ஆட்களை உள்கூடத்தில் உட்காரவைத்துச் சோறு போட்ட வீட்டில் பெண் எடுப்பதா என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் நாலு பேரைக் கூட்டிவைத்து அப்பா இவரிடம், "உனக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டாராம்.

"என்ன சொன்னீங்க?" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார்.

"தெரியாதுன்னு சொல்லிட்டேனுங்க தம்பி. எங்கிட்டயும் நம்ம ஆளுங்கன்னுதான் சொல்லியிருந்தாங்கன்னு... நீங்க சொல்லித்தான் நான் நம்புனேன்னு."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"மாப்பிள்ள ஊட்டுக்காரரு உங்களுக்குப் போன் பண்ணுவாருங்க. நம்பர் கேட்டு வாங்கிட்டாரு. ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. அது போதும். தங்கச்சி ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிடலீங்க. எனக்காக இல்லீங்க தம்பி. அது பாவம்."

கஸ்தூரி வெளியே வந்தாள். அவர் எழுந்து நின்றார்.

"நாங்க பொய் சொல்லி உங்க வீட்டுக்குள்ள வந்தோம்னு நாங்களே சொல்லணும். அப்படித்தானேண்ணா?"

அவர் நனைந்த சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அன்னைக்கு நீங்க பொய் சொன்னப்பகூட எனக்குக் கோவம் வரல. அது எங்களுக்குச் செய்யிற உபகாரம்னு நெனச்சீங்க பாருங்க, அதுதான் தாங்கல. இன்னைக்கும் அப்படியே வந்து நிக்கிறீங்க."

அவர் அழுதார். ஆண்கள் அழும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர் திருப்பிக்கொள்ளவில்லை. கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு எங்கள் முன்னால் நின்று அழுதுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போனார்.

போன் மறுநாள் சாயங்காலம் வந்தது. நான் கையில் எடுத்தேன். கஸ்தூரி வாங்கி ஸ்பீக்கரில் போட்டு, "சொல்லுங்க" என்றாள். வயதான குரல். மிகவும் பணிவான குரல்.

"தொந்தரவு பண்றதுக்கு மன்னிச்சுக்குங்க அம்மிணி. ஒரே ஒரு விசயந்தான். அந்தத் தம்பிக்கு உங்களப் பத்தி முன்னாடியே தெரியுமுங்களா?"

கஸ்தூரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுக்களை வாசலில் சொம்போடு நின்ற அந்தப் பெண்ணைத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். நானும் அவளைத்தான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அவருடைய முகத்திரை கிழியும். கூடவே கல்யாணமும் நிற்கும்.

"அவரு எங்கள ஒருநாளும் கேட்டதில்லைங்க" என்றாள். "நாங்களும் சொன்னதில்ல."

"அப்படீங்களா. ரொம்ப நல்லதுங்க." ஒரு செருமல். "இருந்தாலும் அம்மிணி, சொல்லாம ஒருத்தர் ஊட்டுக்குள்ள போயி எலைல ஒக்காரறது தப்பில்லீங்களா?"

அவள் போனை அணைத்துவிட்டாள். வெகுநேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

தையில் கல்யாணம் நடந்தது. எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. அலுவலகத்தில் மற்ற எல்லோருக்கும் வைத்திருந்தார். என் மேசைக்கு வரும்போது கையில் பத்திரிகைகள் தீர்ந்துவிட்டதுபோல் ஒரு பாவனை செய்தார். நான் அதைப் பார்க்காததுபோல் இருந்துகொண்டேன். பங்குனியில் அவர் வேலையை விட்டு ஓசூரில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். பிரிவு உபசாரத்தன்று நான் விடுப்பில் இருந்தேன்.

அந்த ஊரில் எங்களை எப்படி நினைவு வைத்திருப்பார்கள் என்று சிலசமயம் யோசிப்பேன். சாதியை மறைத்து வீட்டுக்குள் நுழைந்து சாப்பிட்ட மெட்ராஸ்காரர்கள். இனி யாரும் அதைத் திருத்தப்போவதில்லை. அந்த அம்மாள்கூட அப்படித்தான் நம்பிக்கொண்டிருப்பார். கஸ்தூரிக்கு அதுதான் உறுத்தல்.

போன வைகாசியில், ஒரு சனிக்கிழமை பிற்பகல், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பின்னால் கடைவீதிச் சத்தம், பஸ் ஹாரன்.

"தம்பி, நாந்தானுங்க" என்றார். அதே குரல், அதே குழைவு. "சேலத்துக்கு வந்தேன். தட்டுவடை செட்டுக் கடையில நிக்கறேன். கையில வாங்குன ஒடனே உங்க நெனப்பு வந்துருச்சு. நல்லா இருக்கீங்களா? அம்மிணி நல்லா இருக்குதா?"

வெறுக்க வேண்டிய ஆளை வெறுக்க வரவில்லை. நல்லா இருக்கோம் என்றேன். தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்திருப்பதாகச் சொன்னார். அப்பாவுக்கு முட்டிவலி என்றார். நடுவில் எதுவுமே நடக்காததுபோல் பேசிக்கொண்டே போனார்.

"மாம்பழ சீசனுங்க தம்பி. ஒரு சனி ஞாயிறு ரெண்டு பேரும் கெளம்பி வாங்க. போன தடவ ஏற்காடு மேல போகவே இல்ல. நான் நல்ல ரூமா போட்டு வைக்கறேன். எல்லாம் நான் பாத்துக்கறேன்."

கஸ்தூரி பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையை நீட்டிப் போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"வரோம்ணா" என்றாள். "ரூமெல்லாம் வேண்டாம். உங்க வீட்டுலயே தங்கிக்கறோம்."

அந்தப் பக்கம் கடைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ காரம் போதுமா என்று கேட்டார்கள். அதற்கும் அவர் பதில் சொல்லவில்லை. பிறகு, "சிக்னல் சரியில்லீங்க அம்மிணி, சரியாக் கேக்கல" என்றார்.

கஸ்தூரி இன்னொரு முறை, இன்னும் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.